தண்ணீருக்காக நீட்டிய கை

பெயர்: ராணியம்மாள், வயது 73, கணவர் பெயர் காலஞ்சென்ற மாது, கருங்கல்மேடு, நல்லம்பள்ளி வட்டம், தருமபுரி மாவட்டம்.

நான் புளியமர ஏலத்தில் கை தூக்கியதாக ஊராட்சிச் செயலர் கதிரவன் எழுதிக்கொண்டது பொய். அவருடைய வண்டிச் சாவியை நான் எடுத்தது உண்மை. இரண்டையும் வரிசையாகச் சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் காலத்தில் மழை இல்லாத ஒரு வருடம் எங்கள் ஊரார் தீர்வை கட்ட மறுத்தார்கள். சர்க்கார் ஆட்கள் மாடுகளை ஜப்தி செய்து, ஏரிக்கரைப் புளியமரத்தடியில் ஏலம் போட்டார்கள். ஊரே இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துவிட்டது. பக்கத்து ஊர்க்காரர்களும் கேட்கவில்லை. சர்க்கார் ஆட்கள் மாடுகளை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். அன்று முதல் எங்கள் ஊரில் யாரும் சர்க்கார் ஏலம் கேட்பதில்லை. கேட்டவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊர் போகாது.

சென்ற வெள்ளிக்கிழமை அதே மரத்தடியில் கதிரவன் இந்த வருடப் புளி மகசூலை ஏலம் கூறினார். வழக்கம்போல எல்லோரும் கையை அடியில் வைத்து உட்கார்ந்திருந்தோம். யாரும் கேட்காததால் திரும்பத் திரும்பக் கூவி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அதன் பிறகு நான் என் ஓரகத்தி செல்லியைப் பார்த்து, அவருக்குத் தண்ணீர் கொடு என்று கையை நீட்டிக் காட்டினேன். செல்லி சொம்பைக் கொடுத்தாள். அவர் முழுவதும் குடித்துவிட்டு, "ஆயா கேட்டுட்டாங்க! ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" என்று சொல்லி என் பெயரை எழுதினார்.

அதன் பிறகு செல்லி, "வெள்ளக்காரனுக்கே தூக்காத கையி, கதிரவனுக்குத் தூக்கிருச்சாக்கா?" என்று கேட்டாள். தண்ணீர் கொடுத்தவளே கேட்டாள். சனங்கள் சிரித்தார்கள், பிறகு சிரிப்பை நிறுத்தி எழுந்து போய்விட்டார்கள்.

பெயரை அடிக்கச் சொன்னேன். "எழுதுனது எழுதுனதுதாங்க ஆயா. இந்த வருசமாவது ஏலம் முடிஞ்சதுன்னு மேல காட்டணுங்க" என்றார். அதன் பிறகு நான் அவர் வண்டியிலிருந்த சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"சாவியக் குடுங்க ஆயா, ஆபீஸ் போவணும்."

"எம் பேரக் குடு, உஞ் சாவியத் தரேன். இது ஜப்தி."

அவர் தொப்பூர் பஸ் ஏறிப் போய்ப் போலீஸில் புகார் கொடுத்ததாக அறிகிறேன். அன்றிலிருந்து என் வீட்டுக்கு யாரும் நெருப்புக்குச்சி கேட்கக்கூட வரவில்லை. என் வீட்டில் நல்லதெல்லாம் நடந்து முடிந்துவிட்டது. கெட்டது ஒன்றுதான் பாக்கி, அதற்கு நாலு பேர் வேண்டும்.

ஆகவே கதிரவன் அதே மரத்தடிக்கு வர வேண்டும். ராணியம்மாள் ஏலம் கேட்கவில்லை என்று ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் கூவ வேண்டும். ஊரார் எல்லோரும் வந்து அதைக் காதால் கேட்க வேண்டும், செல்லி முன்வரிசையில் உட்கார வேண்டும். இதை எழுதும் உதவி ஆய்வாளர் நிர்மலாதேவி அம்மா சாட்சியாக நிற்க வேண்டும். மூன்றாம் தரம் முடிந்ததும் நான் முடிச்சை அவிழ்ப்பேன். தொண்டை கட்டினால் தண்ணீரை அவரே கொண்டுவர வேண்டும்.

எழுதியதை அம்மா படித்துக் காட்டினார், பிறகு நானும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். "சாவியை நான் திருடியது" என்றிருந்ததை "சாவியை நான் எடுத்தது" என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. கைநாட்டு வேண்டாம் என்று சொல்லி, கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) மா. ராணியம்மாள்