காஞ்சனாவின் சுருதி இறங்கிய விதம்

உங்கள் மின்விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும், டாக்டர். மூன்று சுற்றுக்கு ஒருமுறை முனகுகிறது. முப்பது வருடமாக ஒலிபெருக்கி வேலை பார்க்கிறவன் நான். காது தானாக அங்கே போய்விடுகிறது.

என் மனைவியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் இருக்கச் சொன்னீர்கள். தொண்டை சுத்தமாக இருக்கிறது, பிறகு ஏன் பாட்டை விட்டாள் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். சொல்கிறேன்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி அடிவாரக் கடைகளில் ஓடும் காவடிப் பாட்டில் பாதி காஞ்சனா குரல். எங்கள் மாடி அறையில் பதிவு செய்து மிக்ஸிங் செய்வது நான். அவள் குரல், பம்பை, உடுக்கை எல்லாவற்றையும் தனித்தனியாக ஏற்றி இறக்கிச் சேர்க்கிற வேலை அது. போன புரட்டாசியில் மாஸ்டரிங்குக்கென்றே ஒரு சாப்ட்வேர் வாங்கிப் போட்டேன். சேர்த்து முடித்த பாட்டுக்குக் கடைசி மெருகு.

"இன்னா பாவா, அதான் மிக்ஸிங் முடிஞ்சிச்சே. இது வேற இன்னாத்துக்கு?"

"மிக்ஸிங்ல மறைஞ்சிருக்கிற குறையெல்லாம் இதுல தெரிஞ்சிடும்."

"ஐயோ, அப்போ என் வண்டவாளமும் தெரிஞ்சிடுமா?" என்று சிரித்தாள்.

அதுவரை எனக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லை. யோசனையைக் கொடுத்தது அவள்தான்.

அந்த வாரம்தான் மலேசியாவிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. தைப்பூசத்துக்குப் போய் மூன்று மாதம் ஒரு குழுவோடு பாட வேண்டும். அரக்கோணத்துக்குப் போய் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்து வந்தாள். எனக்குச் சமைக்கத் தெரியாது என்று நினைக்காதீர்கள், நன்றாகவே தெரியும். ஆனால் பெரிய மேடையில் பாடிவிட்டு வருகிறவளுக்கு எங்கள் மாடி அறை சின்னதாகத் தெரியும். அது அவளுக்குத்தானே கஷ்டம்?

மிக்ஸிங்கைக் கேட்டு, "ஆங், நல்லாக்கீது" என்று சொல்லிவிட்டு அவள் கீழே போவாள். பிறகு அவள் குரலை மட்டும் பிரித்தெடுப்பேன். ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை நூறாகப் பிரித்தால் அதில் பதினைந்து பங்கு. அவ்வளவுதான் சுருதியை இறக்கினேன், அதுவும் உச்சத்துக்குப் போகும் இடங்களில் மட்டும். அதற்கு மேல் மாஸ்டரிங் செய்து போட்டுக் காட்டினேன்.

"பாவா, மேல போற எடத்துல எறங்குதே?"

"ஆங், கொஞ்சம். மிக்ஸிங்ல தெரியல."

"நான் ஒழுங்காத்தானே பாடுனேன்?"

"நீ பாடுனதைத்தான் அது காட்டுது. மெஷினுக்கு இன்னா, உம்மேல கோவமா?"

அடுத்த பாட்டுக்கு இருபத்தைந்து பங்கு.

தயிரை விட்டாள். மிளகுப்பால் குடித்தாள். நான்தான் காய்ச்சிக் கொடுத்தேன். கிருத்திகைதோறும் முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறினாள். முழங்கால் வலியோடு நானும் கூடவே ஏறினேன். ஒரு மண்டலம் பேசாமல் இருந்து பார்த்தாள். பிறகு பாடினாள். நாற்பது பங்கு இறக்கினேன். மறுநாளே மலேசியாக்காரர்களைக் கூப்பிட்டு, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

நான் அதோடு நிறுத்திவிட்டேன். அவள்தான் தன் குரலைச் சந்தேகிப்பதை நிறுத்தவில்லை. போன வாரம் சோறு போடும்போது கேட்டாள்: "பாவா, நான் பேசிகினு இருக்கும்போதும் எறங்குதா?"

"ஆங், லேசா," என்றேன். அதற்குப் பிறகு பேச்சும் குறைந்துவிட்டது.

அவள் பாடிய அசல் எதையும் நான் அழிக்கவில்லை. தினமும் ஹெட்போனில் கேட்கிறேன். இம்மி பிசகில்லை. அந்தக் குரலின் அருமை என்னைப் போல் யாருக்குத் தெரியும்?

இப்போது உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தொண்டையில் ஒன்றுமில்லை என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள். தன் புத்திதான் பிசகிவிட்டது என்று நினைத்துக்கொள்வாள். நரம்பில் லேசாக ஏதோ இருக்கிறது, இனிமேல் பாடக் கூடாது என்று சொல்லி ஒரு மாத்திரை எழுதிக் கொடுங்கள். அவள் மனம் நோவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, டாக்டர்.