அத்தான் குடித்த ஒயின்

கப்பலில் ஏறுகிறவர்கள் ஆளுக்கு ஒரு பாட்டில் ஒயின் சொந்தமாகக் கொண்டுவரலாம் என்று வைத்திருக்கிறீர்களே, அது நல்ல ஏற்பாடு. கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், மூடி பிரிக்காமல் இருக்க வேண்டும். அறையில் வைத்துக் குடித்தால் செலவில்லை. சாப்பாட்டுக் கூடத்துக்கு எடுத்துப் போனால் திறந்து ஊற்றித் தருவதற்குக் கட்டணம் உண்டு. எல்லாம் நியாயமாகவே பட்டது. அக்கா குடிக்க மாட்டாள். எனக்கும் அதில் பெரிய நாட்டமில்லை. ஆகவே எங்கள் மூன்று பேர் பையிலும் இருந்த மூன்று பாட்டில்களும் அத்தானுடையவை.

கப்பலின் பாதுகாப்பு அதிகாரி என்ற முறையில் நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னீர்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அக்காவை அறைக்குள் வைத்து வாசலில் காவலுக்கு ஆள் நிறுத்தியிருக்கிறீர்கள். அவள் ஒன்றும் செய்யவில்லை. அத்தான் குடித்த கிளாஸில் ஒயினைத் தவிர வேறு எதுவும் இல்லை. கரை சேர்ந்ததும் எந்தப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினாலும் அதையேதான் சொல்வார்கள்.

என் தொழில் கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுத் தருவது. நாள் முழுக்க ஓர் இருட்டறையில் அடுத்தவர் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்கிற வேலை. கூச்சல் இல்லை, அவசரம் இல்லை. இத்தனை வருடங்களில் கண்களைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டேன். பயம் வந்தால் கருமணி விரியும். வாய் என்ன சொன்னாலும் அது விரிந்தே தீரும்.

அப்பாவும் அம்மாவும் ஒரே விபத்தில் போனபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. அத்தான் என்னைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். படிக்க வைத்தார், கடை வைத்துக் கொடுத்தார். ஒரு வேளைகூட முகம் சுளித்துச் சோறு போட்டதில்லை. அவர் கெட்டவர் என்று நான் எங்கேயும் சொல்லப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் வீட்டில் சீட்டாட்டம் நடக்கும். அத்தானுக்குப் போக்கர் என்றால் உயிர். உங்களுக்குத் தெரிந்திருக்கும், என்றாலும் எழுதிவிடுகிறேன். கையில் இருக்கும் இரண்டு சீட்டு அவரவருக்கு மட்டும் தெரியும். மேசையில் விரிக்கும் சீட்டுகள் எல்லோருக்கும் பொது. எதிராளி பயந்துபோய் சீட்டைக் கவிழ்த்துவிட்டால், கையில் ஒன்றுமே இல்லாதவனும் ஜெயித்துவிடலாம். என்னால் அது ஒருநாளும் முடிந்ததில்லை. நான் பந்தயச் சில்லுகளை நகர்த்துவேன். அத்தான் என் முகத்தைப் பார்ப்பார். பிறகு சிரிப்பார்.

"ஒண்ணும் இல்லடா உன்கிட்ட. உன் மூஞ்சி உன் கடை ஷோகேஸ் மாதிரி. உள்ள இருக்கிற சரக்கெல்லாம் வெளியிலயே தெரியுது."

எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள். என் மனைவியும் சிரிப்பாள், என்னோடு இருந்தவரை. நானும்தான் சிரித்தேன். அதை நான் தப்பாக எடுத்துக்கொண்டதே இல்லை.

போன வருடம் அத்தானுக்கு இதயத்தில் அடைப்பு வந்து, நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். உடம்பு தேறிவிட்டது. மனசு தேறவில்லை. மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தபடியே பேசுவார். மாடிப்படியில் பாதியில் நின்றுவிடுவார். சாப்பிட்ட பிறகு ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின் எடுத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் குடித்த அதே ஒயின், அவரே வாங்கியது, கண்ணெதிரே திறந்தது என்றால்தான் குடிப்பார். மாத்திரையை அக்கா உள்ளங்கையில் வைத்தால்தான் விழுங்குவார். ஒரு மாற்றமாக இருக்கட்டும் என்றுதான் அக்கா இந்தப் பயணத்துக்கே ஏற்பாடு செய்தாள். "நீயும் வாடா தம்பி. அவருக்குச் சீட்டாட ஆள் வேணும்" என்றாள்.

முதல் நாள் உங்கள் கேசினோவில் உட்கார்ந்தோம். அத்தான் பழைய மாதிரியே ஆடினார். என் சில்லுகள் கரைந்துகொண்டே வந்தன. ஒரு கட்டத்தில், யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது.

"அத்தான், உங்க உதடு கொஞ்சம் நீலமா இருக்கே?"

அவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்து கண்ணாடி பார்க்கப் போனார். உதட்டில் ஒன்றுமில்லை, விளக்கின் நிறம்தான். அந்த ஆட்டம் எனக்கு வந்தது. என் வாழ்க்கையில் அவரிடம் நான் ஜெயித்த முதல் ஆட்டம். சில்லுகளை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டபோது விரல் நுனியெல்லாம் சூடாக இருந்தது.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு என் பையில் வந்த பாட்டிலை எடுத்துப் போனோம். பரிசாரகர் சற்றுத் தள்ளி நின்று திறந்துவிட்டார். அத்தானுக்கு அது பிடிக்கவில்லை. "ஏன் அங்க போய்த் திறந்தான்?" என்று என்னைக் கேட்டார். நான் தட்டில் கிடந்த கார்க்கை எடுத்துப் பார்த்தேன்.

"கார்க்குல ஓட்டை இருக்கு அத்தான்" என்றேன்.

கார்க்கில் ஓட்டை இருக்கத்தான் செய்யும். மூடியைப் பிடுங்கும் திருகுக் கம்பி இறங்கிய ஓட்டை. பரிசாரகரே அதைச் சொல்லியிருப்பார். ஆனால் அத்தான் வேறு யாரையும் கேட்கவில்லை. கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டார். அறைக்குப் போனதும் பாட்டில் முழுவதையும் கைகழுவும் தொட்டியில் கொட்டினார். சிவப்பாகச் சுழன்று இறங்கியதைக் கடைசிவரை நின்று பார்த்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் இருட்டைக் கொஞ்சம் கூட்டினேன், அவ்வளவுதான்.

அக்கா என்னைத் தனியாக மேல்தளத்துக்குக் கூட்டிப் போனாள். காற்றில் அவள் முந்தானை என் முகத்தில் அடித்தது.

"என்னடா ஆச்சு இவருக்கு? யாரோ விஷம் வைக்கப்போறாங்கன்னு பேசறாரு. நம்ம அறையைச் சுத்தம் பண்ற பொண்ணைக்கூட உள்ள விட மாட்டேங்கறாரு. நீ கொஞ்சம் சொல்லிப் பாருடா. நீ சொன்னா கேப்பாரு."

சொல்லிப் பார்க்கப் போனேன். அத்தான் கட்டிலில் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வெளியே நல்ல வெயில். அவர் திரைச்சீலையை இழுத்துவிட்டு எல்லா விளக்கையும் போட்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்தார். அவர் உள்ளங்கை நனைந்திருந்தது.

"டேய், யார்கிட்டயும் சொல்லாதே. எனக்குப் பயமா இருக்குடா. இங்கேருந்து இறங்கி ஓடக்கூட முடியாது. நாலு பக்கமும் தண்ணி. உங்கக்கா ஒருத்திதான். அவ கையால கொடுத்தா மட்டும் பயமில்ல."

"பயப்படாதீங்க அத்தான். நான் இருக்கேன்" என்றேன்.

அவர் கண்களை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். கருமணி கறுப்பு நாணயம் மாதிரி விரிந்திருந்தது. இத்தனை வருடங்களாக என் முகத்தைப் படித்த மனிதர், நான் என்ன நினைக்கிறேன் என்பதை அப்போது படிக்கவில்லை. அவருக்கு அவருடைய பயமே போதுமானதாக இருந்தது. நான் நிம்மதியாக இருந்தேன் என்று எழுதினால் நீங்கள் தப்பாக நினைக்கலாம். ஆனாலும் அதுதான் உண்மை.

நேற்று மத்தியானம் போக்கர் போட்டி வைத்தீர்கள். பணம் கிடையாது, முலாம் பூசிய சின்னக் கோப்பைதான் பரிசு. அக்காதான் அவரை வற்புறுத்தி அழைத்து வந்தாள். மிச்சமிருந்த பாட்டில்களில் ஒன்றை அறையில் அவர் கண்ணெதிரே திறந்து, ஒரு கிளாஸ் ஊற்றி, தன் கையாலேயே கேசினோவுக்கு ஏந்தி வந்தாள். அவருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அவள் அங்கே இருந்ததால் அத்தான் தெளிவாக இருந்தார். பாதி கிளாஸ் குடித்திருந்தார். ஆட்களும் ஒவ்வொருவராக எழுந்து போய், கடைசியில் மேசையில் மிஞ்சியது நாங்கள் இருவர்தான்.

எனக்கு வந்த சீட்டு இரண்டும் குப்பை. பொதுச் சீட்டுகளோடும் எதுவும் சேரவில்லை. இருந்தும் என்னிடம் இருந்த சில்லுகள் அத்தனையையும் நடுவில் தள்ளினேன். சுற்றி நின்றவர்கள் மேசையை நெருங்கி வந்தார்கள். அத்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார். வெகு நாள் கழித்து அந்தப் பழைய சிரிப்பு வந்தது.

"ஒண்ணும் இல்லடா உன்கிட்ட."

அவர் கை சில்லுகளுக்குப் போனது. அக்காவும் சிரிப்பதை அவர் தோளுக்கு மேல் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு.

நான் மேசைமேல் சாய்ந்தேன். சீட்டுப் போடும் பெண்ணுக்கும் சுற்றி நின்றவர்களுக்கும் எங்கள் மொழி தெரியாது. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன்.

"அத்தான், உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். மனசு கேக்கல. நீங்க இந்தப் பக்கம் திரும்பினப்போ அக்கா உங்க கிளாஸ்ல எதையோ போட்டா. நான் பாத்தேன்."

அவர் கண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு வேகமாகக் கருமணி விரிந்து நான் பார்த்ததில்லை. சீட்டுகளைக் கவிழ்த்தபடியே முன்னால் தள்ளிவிட்டார். போக்கரில் அதற்கு ஆட்டத்தை விட்டுவிட்டேன் என்று பொருள். பிறகு மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தார்.

அக்கா, "என்னங்க, தண்ணி வேணுமா?" என்று கேட்டாள்.

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுக்கப் பார்த்தார். மூச்சு விசில் அடித்தது. அக்கா பிடிக்க ஓடியபோது அவளிடமிருந்து பின்வாங்கி, பின்வாங்கி, சுவரில் முட்டிச் சரிந்தார். வளர்ந்த மனிதர் ஒருவர் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. கடலைப் பார்த்தோ சாவைப் பார்த்தோ வந்த பயமில்லை அது. தனக்கு மாத்திரை கொடுக்கும் கையைப் பார்த்து வந்த பயம்.

மருத்துவ அறையில் நடந்ததை உங்கள் டாக்டர் சொல்லியிருப்பார். அக்கா அவர் கையைப் பிடித்தாள். அவர் தட்டிவிட்டார். மறுபடி பிடித்தாள், மறுபடி தட்டிவிட்டார். "இவளை வெளிய அனுப்புங்க. ஒயின்ல இவதான்..." என்று உங்கள் டாக்டருக்குப் புரியும் மொழியில் சொன்னார். அதை வைத்துத்தான் நீங்கள் அக்காவைச் சந்தேகப்படுகிறீர்கள். அது உங்கள் தவறில்லை.

டாக்டர் எழுதியிருக்க முடியாத ஒன்றை நான் எழுத வேண்டும். அக்காவை வெளியே அனுப்பிய பிறகு அத்தானின் உயிர் உடனே போய்விடவில்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். குரல் எழும்பவில்லை. "நிஜமாவா பாத்தே?" என்றார்.

அவகாசம் இருந்தது. இல்லை அத்தான், ஆட்டத்துக்காகச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். படபடப்பு தணிந்து பிழைத்திருப்பாரோ என்னவோ, டாக்டர்தான் சொல்ல வேண்டும். அக்காவையாவது உள்ளே கூப்பிட்டிருப்பார். ஆனால் அப்படிச் சொன்னால் அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். எனக்கு அப்பவே தெரியும்டா, ஒண்ணும் இல்ல உன்கிட்ட என்றிருப்பார்.

நான் தலையை ஆட்டினேன். "ஆமாம் அத்தான். பாத்தேன்" என்றேன்.

அவர் என் முகத்தை வெகுநேரம் தேடினார். எதுவும் தெரியவில்லை அவருக்கு. நம்பிவிட்டார். கண்ணை மூடும்போதும் நம்பிக்கொண்டுதான் இருந்தார்.

இன்று காலை காவலாளி அனுமதித்ததால் அக்காவைக் கதவிடுக்கில் பார்த்தேன். நேற்றுக் கட்டிய புடவையோடே இருந்தாள். கதவுச் சட்டத்தைப் பிடித்தபடி நின்றாள்.

"என்னடா கேக்கறாங்க இவங்க? நான் எதையோ கலந்தேனாம். எனக்குப் பயமா இருக்குடா தம்பி. அதை விடு. கடைசியில ஏன்டா அவரு என் கையைத் தட்டிவிட்டாரு? நான் என்ன பண்ணினேன்?"

"மருந்து மயக்கத்துல அப்படித்தான் இருக்கும் அக்கா. மனசுல வச்சுக்காதே" என்றேன். அவள் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். அவளும் நம்பிவிட்டாள்.

அவளை விட்டுவிடுங்கள். பயத்தை ஊட்டியது நான், அந்தப் பொய்யைச் சொன்னது நான், மருத்துவ அறையில் அதை உறுதி செய்ததும் நான். அத்தானைக் கொன்றது நான்தான். இதை யாரும் மிரட்டி வாங்கவில்லை. அக்காவின்மேல் உள்ள பாசத்தால், அவளைக் காப்பாற்றுவதற்காக மட்டுமே எழுதித் தருகிறேன். இதற்கு என்ன தண்டனையோ அதை ஏற்றுக்கொள்கிறேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரே ஒரு விஷயம். அவர் விழுந்ததும் அந்த மேசையை யாரும் தொடாதபடி துணி போட்டு மூடிவிட்டதாகச் சொன்னீர்கள். அப்படியானால் அவர் தள்ளிவிட்ட இரண்டு சீட்டும் கவிழ்த்தபடியே கிடக்கும். யாரையாவது அனுப்பித் திருப்பிப் பார்த்துவரச் சொல்ல முடியுமா? அவர் கையில் என்ன இருந்தது என்று மட்டும் தெரிந்தால் போதும்.