அயல்நாட்டுக்குத் தொலைநகல் அனுப்பும் முறை

அயல்நாட்டுக்குத் தொலைநகல் அனுப்புவது மலையைப் புரட்டும் வேலையல்ல, ஐயா. பொறுமை இருந்தால் போதும். முதலில் நம் நாட்டைவிட்டு வெளியேறும் எண். அடுத்து அந்த நாட்டின் எண். அதற்கடுத்து ஊரின் எண். ஊர் எண்ணுக்கு முன்னால் ஒரு சுழியம் நின்றால் அதை விட்டுவிட வேண்டும். உள்ளூர்க்காரனுக்கு மட்டும் வழிவிடும் வாயிற்காவலன் அது. வெளியிலிருந்து போகிறவன் அவனைத் தட்டினால் கதவு திறக்காது. பலர் தோற்பது அங்கேதான். எண்ணை அழுத்தி முடித்ததும் மறுமுனையில் மணி அடிக்கும். பிறகு மெல்லிய கீச்சொலி ஒன்று எழும். அங்கே இயந்திரம் விழித்திருக்கிறது என்று அதற்குப் பொருள். அப்போது பொத்தானை அழுத்தினால் தாள் உள்ளே போய் வெளியே வரும். ‘சென்று சேர்ந்தது’ என்று ஒரு சீட்டு அச்சாகும்.

எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம் என்றீர்கள். இங்கிருந்து தொடங்கினால்தான் மற்றது விளங்கும்.

அந்தச் சீட்டைப் பற்றி ஒரு சொல். தாள் போனது என்று அது சொல்லும். தாளில் என்ன போனது என்று சொல்லாது. பேச்சைக் கேட்காமல் கைதட்டலை மட்டும் கேட்டுவிட்டு ‘கூட்டம் வெற்றி’ என்று எழுதும் செயலாளர்களை நான் என் வாழ்நாளில் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தச் சீட்டும் அவர்கள் சாதி. சாதி என்ற சொல்லை நான் ஏற்பதில்லை. அவர்கள் இனம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

என் கடை தெருமுனையில் இருக்கிறது. படி எடுக்கும் இயந்திரம் ஒன்று, தொலைபேசி ஒன்று, தொலைநகல் இயந்திரம் ஒன்று. எல்லோரும் ஃபேக்ஸ் என்றார்கள். நான் பலகையில் தொலைநகல் என்றே எழுதினேன். பக்கத்துத் தையற்காரர் அதைப் பார்க்கும்போதெல்லாம், “தொலைஞ்ச நகலைக் கண்டுபிடிச்சுக் குடுப்பீங்களான்னு இன்னிக்கும் ஒருத்தர் கேட்டுட்டுப் போறாருங்க” என்பார். நான் சிரிப்பேன். நகைச்சுவை உணர்வு இல்லாதவன் அல்ல நான்.

கடை வயிற்றுக்கு, மேடை உயிருக்கு. பெண் என்பவள் தந்தைக்கும் உடைமையல்ல, கணவனுக்கும் உடைமையல்ல என்று நான் பேசாத மேடையில்லை, எழுதாத துண்டறிக்கையில்லை. கணவனை இழந்தவளின் வாழ்வு முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது என்று நான் முழங்கியபோது கண்ணீர் விட்ட தாய்மார்கள் உண்டு. வெறும் வாயை மென்றவன் அல்ல நான். நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

பெற்றோரை இழந்த பிறகு என் தங்கைக்குத் தாயும் நானே, தந்தையும் நானே. தலை பின்னிவிட்டேன். எழுதக் கற்றுக் கொடுத்தேன். அவள் கையெழுத்தின் வளைவுகூட அவள் விரலைப் பிடித்து நான் வளைத்த வளைவுதான். அவள் ஒருவனை விரும்புவதாகச் சொன்னபோது நான் தடுக்கவில்லை. தடுப்பேன் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். நானே தலைமை தாங்கி, நானே வாழ்த்திப் பேசி, அந்தத் திருமணத்தை நடத்தி வைத்தேன். பேச்சு சற்று நீண்டது. மாப்பிள்ளை ஒலிபெருக்கியை நோக்கிக் குனிந்து, “மச்சான், பொண்ணுக்கு நரை விழறதுக்குள்ள முடிச்சிருங்க” என்றார். மண்டபமே சிரித்தது. என் தங்கையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதை நான் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. எதையும் விட்டுவிடாமல் சொல்லும்படி கேட்டீர்கள் என்பதால் சொல்கிறேன்.

மாப்பிள்ளைக்குக் கப்பல் கட்டும் துறையில் பற்றவைக்கும் வேலை. திருமணமான சில மாதங்களில் கடல் கடந்து போய்விட்டார். தங்கை என் வீட்டிலேயே இருந்தாள். கடையிலும் துணைக்கு இருந்தாள். அவர் என் கடைத் தொலைபேசிக்குத்தான் அழைப்பார். அப்போது நான் வெளியே போவதில்லை. அது என் கடை. அடிமைத்தனம் எப்படி ஓசையின்றி நுழைகிறது என்பதை அங்கே உட்கார்ந்துதான் கற்றேன். மணி அடிக்கும் முன்பே அவள் கை தொலைபேசியின்மேல் இருக்கும். அவர் பார்க்க முடியாது என்று தெரிந்தும் தலைமுடியைச் சரிசெய்துகொள்வாள். அவர் ஏதோ சொல்வார். இவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பாள். விலங்கு பூட்டியவனைப் பார்த்துச் சிரிக்கும் கைதியை நான் மேடையில் உவமையாகச் சொன்னதுண்டு. என் வீட்டிலேயே காண்பேன் என்று நினைக்கவில்லை.

அவர் அடித்தாரா என்று கேட்டீர்கள். இல்லை. திட்டினாரா என்று கேட்டீர்கள். நான் கேட்ட வரையில் இல்லை. அடிப்பவனிடமிருந்து ஒரு பெண்ணை மீட்பது எளிது, ஐயா. அவளே வந்து உதவி கேட்பாள். அன்பாக இருப்பவனிடமிருந்து மீட்பதுதான் கடினம்.

இந்த ஆண்டு அவளையும் அழைத்துக்கொள்ள அவர் ஏற்பாடு செய்தார். அந்தத் தாள்களை அனுப்பியதும் நான்தான். ஒழுங்காக அனுப்பினேன். அனுமதியும் வந்தது. அவள் பெட்டியை வாங்கி வைத்து, அந்நாட்டு மொழியில் எண்ணிப் பழகிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் அவர் சாரத்திலிருந்து விழுந்தார் என்று செய்தி வந்தது.

தொடை எலும்பு நொறுங்கியிருந்தது. தலையிலும் அடி, நினைவில்லை. மறுநாள் காலையில் அறுவை. தங்கை அங்குள்ள மருத்துவமனையைத் தொலைபேசியில் பிடித்தாள். அவளைத் துடிக்க வைத்த செய்தி ஒன்று இருந்தது. மாப்பிள்ளைக்குத் திருமணத்துக்குப் பின் இங்கே ஒரு குடலிறக்க அறுவை நடந்தது. மயக்கத்துக்குக் கொடுத்த வாயு அவர் உடம்புக்கு ஒவ்வாமல், கட்டை போல் விறைத்து, அனல் போல் கொதித்து, பிழைத்தது அரிது. மறுபிறவி என்று மற்றவர்கள் சொன்னார்கள். மருத்துவம் என்று நான் சொன்னேன். அந்த வாயுவை இனி எவரும், எங்கும், இவருக்குக் கொடுக்கக் கூடாது என்று எங்கள் மருத்துவர் அன்றே எச்சரித்திருந்தார். தங்கை திக்கித் திணறி அதைச் சொல்லப் பார்த்தாள். மறுமுனையில் இருந்த செவிலி, அவசரத்தில் வாய்ச்சொல்லை நம்ப முடியாது, மருத்துவரின் எழுத்தில் தொலைநகலாக அனுப்புங்கள் என்று எண்ணைக் கொடுத்தார்.

அவள் மருத்துவர் வீட்டுக்கு ஓடினாள். அவர் கடிதமும் பழைய அறுவையின் குறிப்பும் ஆக இரண்டு தாள்களோடு மூச்சிரைக்கத் திரும்பினாள்.

“அண்ணா, இது போய்ச் சேர்ந்துட்டா அவர் பிழைச்சுக்குவார்ணா. நீங்களே அனுப்புங்க. நான் அனுப்பித் தப்பாயிடக் கூடாது.”

நான் அனுப்பினேன். வெளியேறும் எண், நாட்டின் எண், சுழியத்தை விட்டுவிட்டு ஊரின் எண். கீச்சொலி வந்தது. தாள்கள் போயின. சீட்டு வந்தது. அவள் அந்தச் சீட்டை வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். வாசலில் நின்ற தையற்காரர், “என் மெஷினு கைக்கு எட்டுற துணியைத்தான் தைக்கும். உங்க அண்ணன் மெஷினு கடல் தாண்டித் தைக்குதும்மா. தைரியமா இரு” என்றார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பயணச்சீட்டுக்கு வழி பார்க்க வேண்டும், உடனே புறப்பட வேண்டும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

இங்கே ஒரு தவறு நடந்தது. தவறு என்ற சொல்லை இந்த இடத்தில் மட்டும் எழுதுங்கள், வேறெங்கும் எழுதாதீர்கள். என் பழைய இயந்திரத்தில் எழுத்து கீழ்நோக்கி இருக்கும்படி தாளை வைக்க வேண்டும். சில வாரங்களுக்கு முன் வாங்கிய புதியதில் எழுத்து மேல்நோக்கி இருக்க வேண்டும். தட்டின் ஓரத்தில் அதற்கென்று ஒரு சிறு படமே போட்டிருக்கிறார்கள். பழகிய கை படம் பார்ப்பதில்லை. நான் கவிழ்த்து வைத்தேன். போனது தாள்களின் வெற்று முதுகு. சீட்டு, தன் இயல்புப்படி, சென்று சேர்ந்தது என்றது. அது கையின் தவறு. மனத்துக்கு அதில் பங்கில்லை.

சற்று நேரத்தில் இயந்திரம் தானாக விழித்து ஒரு தாளைத் தந்தது. மருத்துவமனையிலிருந்து. உங்கள் இரண்டு பக்கங்களும் வெறுமையாக வந்துள்ளன, மீண்டும் அனுப்புங்கள் என்றிருந்தது. கீழே ஒரு கேள்வி. நோயாளிக்குக் கொடுக்கக் கூடாத மருந்து அல்லது மயக்க வாயு ஏதேனும் உண்டா? நெருங்கிய உறவினர் கையொப்பத்துடன் பதில் தருக.

நான் உடனே தாள்களை நிமிர்த்தி வைத்தேன், ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது. கீச்சொலி எழுந்தது. என் விரல் பொத்தானின்மேல் இருந்தது. அழுத்தினால் போதும், கடுகளவு முயற்சி.

அப்போதுதான் சிந்தித்தேன். அதற்கு முன் எவரும் அவளுக்காகச் சிந்திக்கவில்லை. இவர் பிழைத்தால் என்ன ஆகும்? நொண்டிக் காலோடு பிழைப்பார். இவள் பறந்து போவாள். முன்பின் தெரியாத ஊரில், ஒரு கட்டிலின் பக்கத்தில், கஞ்சி ஆற்றிக்கொண்டும் கால் பிடித்துக்கொண்டும் தன் ஆயுளைக் கரைப்பாள். அதையும் சிரித்துக்கொண்டே செய்வாள், அதுதான் கொடுமை. இவர் பிழைக்காவிட்டால்? என் தங்கை அழுவாள். அழுது முடிப்பாள். பிறகு படிப்பாள், தன் காலில் நிற்பாள், விரும்பினால் மறுமணமும் செய்துகொள்வாள். அதற்கும் நானே தலைமை தாங்குவேன். கைம்மை ஒரு தொடக்கம் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், தன் வீட்டு வாசலில் அது வந்து நிற்கும்போது கதவைச் சாத்தலாமா? மேடையில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று வாழ்ந்தவர்களை நான் கிழித்துப் பேசியிருக்கிறேன். நான் அவர்களில் ஒருவனாக விரும்பவில்லை.

மறுமுனை சற்று நேரம் கீச்சிட்டது. பிறகு தானே அறுந்தது.

மருத்துவரின் தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். ஆனால் அவர்கள் ஒரு கேள்வி கேட்டிருந்தார்களே. கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் விடுவது பண்பாகாது. தவிர, பதில் இல்லையென்றால் அவர்கள் அறுவையைத் தள்ளிப்போடலாம், தொலைபேசியில் அழைக்கலாம், அவள் எடுக்கலாம். ஒரு புதிய தாளை எடுத்தேன். அவர்கள் கேட்ட ஆங்கிலத்திலேயே தெளிவாக எழுதினேன். கொடுக்கக் கூடாத மருந்தோ வாயுவோ எதுவும் இல்லை. முன்னர் அனுப்பிய பக்கங்கள் தவறாக வந்தவை, பொருட்படுத்த வேண்டாம். கீழே, மனைவி என்று எழுதி, என் தங்கையின் பெயரைக் கையொப்பமிட்டேன். எழுத்து மேல்நோக்கி இருக்கிறதா என்று படத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். கீச்சொலிக்குக் காத்திருந்தேன். அனுப்பினேன். ஓர் எழுத்துகூடச் சிதையாமல் போய்ச் சேர்ந்தது.

அவள் திரும்பி வந்தபோது வெயில் இன்னும் தாழவில்லை.

“அங்கேயிருந்து ஏதாவது வந்துச்சாண்ணா?”

“ஒண்ணும் வரலைம்மா. வராம இருந்தா எல்லாம் சரின்னுதானே அர்த்தம்.”

அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். திருமணத்துக்குப் பிறகு அப்படிச் சாய்ந்தது அன்றுதான். நெடுநேரம் சாய்ந்திருந்தாள். நான் அசையவில்லை.

மறுநாள் அவர் அறுவை மேசையிலேயே போய்விட்டார். விறைத்து, கொதித்து, மருத்துவர் சொன்னபடியேதான் நடந்திருக்கிறது. அவர் உடைமைகளோடு மருத்துவமனைக் கோப்பின் நகலும் வந்து சேரும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. தங்கை அதைக் கடைக்கு எடுத்துவந்தாள். தையற்காரர் பொத்தான் தைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவள் என் தாளை மேசையில் விரித்து, தன் பெயரின்மேல் விரலை வைத்து, உரக்கப் பேசாமல் கேட்டாள்.

“இதை நான் எழுதலையே. யாரு எழுதினது?”

நான் பொய் சொல்லவில்லை. அவளுக்கு உரிய மரியாதை கொடுத்து, உங்களிடம் சொன்ன அதே ஒழுங்கில், காரணங்களோடு விளக்கினேன். தையற்காரர் கையில் ஊசியோடு எழுந்து நின்றார். அவள் நான் பேசி முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. தனியாகவே நடந்து உங்கள் நிலையத்துக்கு வந்தாள். இதற்கு முன் அவள் எந்த அலுவலகத்துக்கும் தனியாகப் போனதில்லை. அவள் நடந்து போவதைக் கடை வாசலில் நின்று பார்த்தேன். நிமிர்ந்து நடந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவள் உன்னைவிட்டுப் போய்விடுவாள் என்பதற்காகச் செய்தாயா என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அவள் அறை அப்படியே இருக்கிறது. அவள் வாங்கிய பெட்டியை மட்டும் பரணில் ஏற்றிவிட்டேன், இடத்தை அடைக்கிறது என்று. படிப்புக்கு எந்தக் கல்லூரி என்பதைக்கூடத் தேர்ந்து வைத்திருக்கிறேன். வீட்டிலிருந்தே போய்வரலாம்.

நாளை அவளை அழைத்து வாக்குமூலம் வாங்கப் போவதாகச் சொன்னீர்கள். அந்தப் பெண் பட்டது போதும். அந்தச் சிரமத்தை அவளுக்குக் கொடுக்காதீர்கள். அவள் மனத்தில் இருப்பதை அவளைவிட நான் நன்றாகச் சொல்வேன். எழுதிக்கொள்ளுங்கள், ஐயா: அவள் இப்போது யாருக்கும் உடைமையல்ல.