மாப்பிள்ளைக்கு நான் கொடுத்த ரீல்

கயாக் என்கிற ஒற்றை ஆள் துடுப்புப் படகில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிறவர்கள் தூண்டில் ரீல் வாங்கும்போது செய்கிற முதல் தவறு, பெரியதாக வாங்குவதுதான். மீன் பெரிது, ஆகவே ரீலும் பெரிதாக இருக்கட்டும் என்று நினைக்கிறார்கள். உட்காரப்போவது ஓர் ஆள் அகலப் படகில். அதில் எழுந்து நின்று காலை ஊன்றி இழுக்க முடியாது என்பது கடையில் நிற்கும்போது யாருக்கும் தோன்றுவதில்லை. யானையை வாங்கி ஆட்டுக் கொட்டகையில் கட்டுகிற கதை. நான் அவர்களிடம் பேசி, கைக்கு அடக்கமானதாக, உப்புத் தண்ணீர் உள்ளே புகாததாகப் பார்த்துக் கொடுப்பேன். என் கடையில் வாங்கியவர்கள் குறை சொன்னதில்லை. நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

அடுத்தது டிராக். உங்களுக்குப் பழக்கமிருக்காது என்பதால் சொல்கிறேன். ரீலின் தலையில் ஒரு திருகு இருக்கும். அதை இறுக்கினால் தூண்டில் நரம்பு கெட்டியாக நிற்கும். தளர்த்தினால் மீன் இழுக்க இழுக்க நரம்பு வழுக்கிக்கொண்டு வெளியே போகும். கரையில் நிற்பவன் கொஞ்சம் இறுக்கமாகவே வைத்துக்கொள்ளலாம். கயாக்கில் அது ஆகாது. மீன் பக்கவாட்டில் பாயும்போது நரம்பு விட்டுக்கொடுக்கவில்லை என்றால் படகு கவிழும். இதை என் தங்கை புருஷனுக்கும் சொல்லிக்கொடுத்தேன். சொல்லவில்லை என்ற பழி எனக்கு வரக் கூடாது.

மாப்பிள்ளை நல்ல மனிதர். குடி இல்லை, கை நீட்டும் வழக்கமில்லை. நானே தேடிப் பிடித்தவர். அப்பா அம்மா போன பிறகு தங்கைக்குத் தாயும் தகப்பனுமாக இருந்தவன் நான்தான். கல்யாணம் பேசும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: என் வீட்டு மாடியில் குடியிருக்க வேண்டும்.

"அதுக்கென்ன மச்சான், எனக்கும் வீடு தேடுற வேலை மிச்சம்," என்று சிரித்தார்.

காலையில் தங்கை மாடிப்படி இறங்கும் சத்தத்தில்தான் நான் கண் விழிப்பேன். மதியம் கடைக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து கதை பேசுவாள். இதனால் யாருக்கும் ஒரு கஷ்டமும் இருந்ததில்லை.

பிறகு அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. விமானத்தில் போகிற தூரம். சாப்பிடும்போதுதான் சொன்னார். நான் தங்கையைப் பார்த்தேன். அவள் குனிந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் உதட்டில் சிரிப்பு இருந்தது. அவளுக்கு மறைக்கத் தெரியாது.

"நல்ல விஷயம்தானே, போயிட்டு வாங்க," என்றேன்.

கிளம்புவதற்கு முன் என்னோடு ஒரு நாள் கடலுக்கு வர வேண்டும் என்று அவர் கேட்டார். தங்கை சொல்லிக்கொடுத்துத்தான் கேட்டார். என் மனம் நோகக் கூடாதாம். அவளுக்கு என் மேல் அவ்வளவு பாசம்.

அவருக்குப் பெரிய ரீலாக எடுத்தேன். ஆமாம், வாங்குவது தவறு என்று சொன்னேனே, அதேதான். லேசில் அறுந்துபோகாத நரம்பைச் சுற்றினேன். அவர் எதிரிலேயே தராசைக் கொக்கியில் மாட்டி இழுத்து, டிராக்கைத் தளர்வாக வைத்துக் காட்டினேன்.

"மச்சான் வச்சா சரியாத்தான் இருக்கும்," என்றவர் தராசைப் பார்க்கக்கூட இல்லை.

அவர் போன பிறகு ரீலைத் திறந்து, உள்ளே வழுக்கிக்கொடுக்கும் வட்டுகளுக்கு நடுவில் பசை தடவி மூடினேன். அதற்குமேல் திருகை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றும் ஆகாது. வேலை என்று உட்கார்ந்துவிட்டால் நான் அரைகுறையாக விடுவதில்லை.

கடற்கரையில், தூண்டில் கம்பியின் பாதுகாப்புக் கயிற்றை அவருடைய இடுப்பு பெல்ட்டில் மாட்டச் சொன்னேன். வழக்கமாகப் படகில்தான் மாட்டுவோம். "புதுக் கம்பி மாப்பிள்ளை, கைநழுவிப் போயிட்டா திரும்பக் கிடைக்காது," என்றேன். மாட்டிக்கொண்டார். இழுபடும்போது அந்தக் கொக்கி கையால் கழலாது. இரை வெட்ட வேண்டும் என்று அவருடைய கத்தியை வாங்கிக்கொண்டேன். ஆளுக்கொரு கயாக்கில் கிளம்பினோம். வெயில் ஏறியதும் அவர் மிதவைச் சட்டையைக் கழற்றி இருக்கைக்குப் பின்னால் செருகினார். வேறு யாராக இருந்தாலும் திட்டியிருப்பேன். அன்றைக்கு வெயிலும் அதிகம்தான்.

பெரிய மீன் நடமாடுகிற இடத்துக்குக் கூட்டிப்போனேன். வெகுநேரம் ஒன்றும் கடிக்கவில்லை. அவர் பேசிக்கொண்டே இருந்தார். புது ஊரில் பார்த்திருக்கும் வீட்டில் எனக்கென்று ஓர் அறை ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார்.

"கடையை மூடிட்டு நீங்களும் அங்கயே வந்துடுங்க மச்சான். அவ தினமும் இதையேதான் சொல்லிட்டிருக்கா."

கரைக்குத் திரும்பிவிடலாம் என்று நான் அப்போது சொல்லியிருக்கலாம். யோசித்துப் பார்த்தேன். இன்னொருவர் வீட்டில் ஓர் அறை. அது எப்படிச் சரிப்படும்? அதற்கெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டு இருக்க வேண்டும். புது இரை வெட்டி அவரிடம் நீட்டினேன்.

மீன் கடித்தது. கம்பி வில்லாக வளைந்தது. அவர் திருகைத் தளர்த்தினார், மறுபடியும் தளர்த்தினார்.

"மச்சான், இது விடமாட்டேங்குது."

"இன்னும் திருப்புங்க," என்றேன்.

படகு கவிழ்ந்தது. சத்தம் பெரிதாக இல்லை. அவர் மேலே வந்தபோது கயிறு அவரைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டிருந்தது. "கத்தி, மச்சான்," என்று கையை நீட்டினார். கத்தி என் மடியில் இருந்தது. துடுப்பை ஒரு தடவை போட்டால் எட்டுகிற தூரம். நான் துடுப்பைக் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். புரிந்துகொண்ட மாதிரி தெரியவில்லை. அது ஒருவகையில் ஆறுதல். தண்ணீர் அடங்கிய பிறகு கரைக்கு வந்து ஆட்களைக் கூப்பிட்டேன்.

உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் அவர் உடலோடு கிடைத்த சாமான்களைத் திருப்பிக் கொடுத்தபோது தங்கைதான் ரீலைத் திறந்து பார்த்தாள். கழற்றி மாட்டுவதெல்லாம் நான் கற்றுக்கொடுத்ததுதான். ஒட்டிப்போன வட்டுகளைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள்.

"இது நீ ஒட்டினதாண்ணே?"

"ஆமா," என்றேன். அவளிடம் நான் பொய் பேசியதே இல்லை.

உங்களுக்குப் போன் செய்தவள் அவள்தான். நீங்கள் வரும்வரை கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவள்மேல் கோபமில்லை.

மாப்பிள்ளையைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிடுகிறேன். கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. தங்கை வெளியே பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். நான் உள்ளே வரும்போது அவள் என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை, களைப்பாக இருக்கும். அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.