காளியம்மாவின் மிளகாய்த் தூளுக்குள் நுழைந்த ஒளி

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் ஊ கார்த்திகேசன் ஐயா அவர்களே! கோயில் காரியம் சுமக்கும் பெரியோர்களே! நம் பசுந்தாங் வட்டார வீதிகளில் விடியுமுன் அடுப்பேற்றும் தாய்மார்களே! கைகளைக் கூப்பி வணங்குகிறேன்.

என்ன அக்கா, கேட்கவில்லையா? இதோ, ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டேன். பள்ளியைப் பாதியில் விட்டவள். பேச்சு சறுக்கினால் பொறுத்தருளுங்கள்.

நாளை அன்னதானம். என் அம்மா காளியம்மா அரைத்த மிளகாய்த் தூள் குழம்பில் விழலாமா, கூடாதா? துணிச்சாயம் கலந்தது என்று சந்தையெங்கும் பேச்சு. "உங்க தூளைத் தின்னுதான் என் புள்ள வாந்தி எடுத்துச்சு" என்றார் புஷ்பலதா அக்கா. எங்களுக்கு மிளகாயை விற்றவன் சாயம் பூசியிருந்தால்? அந்த அச்சம் அம்மாவை உண்ணவிட்டதா? உறங்கவிட்டதா?

புஷ்பலதா அக்கா வாங்கிய அதே மூட்டைத் தூளோடு, லத்தா வட்டாரத்தில் சோதனைக்கூடம் நடத்தும் ருமானா அக்காவிடம் ஓடினோம். அவர் தூளை ஊறவைத்து, வடித்து, அம்மா எடுத்துக் கொடுத்த சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றினார். கருவியில் வைத்தால் குப்பிக்குள் ஒளி பாயும். ஒவ்வொரு பொருளும் தனக்குரிய ஒளியை விழுங்கும். கண் காணும் நிறங்களையும், ஊதாவுக்கு அப்பால் கண் காணா ஒளியையும் கருவி அளக்கும். விழுங்கிய இடத்தில் தாளில் மேடு எழும்.

சாயத்துக்குரிய இடம் வெறுமை! அம்மா மூச்சு விட்டாள். ஐயோ, கண் காணாப் பக்கத்தில் ஒரு மேடு! நல்ல மிளகாயில் இல்லாத மேடு!

"இது என்னன்னு தெரியலையே" என்றார் ருமானா அக்கா. அம்மா என் கையை இறுகப் பிடித்தாள்.

அவர் குப்பியின் உள்ளே மட்டும் கழுவி, தூள் கலவாத வெறும் திரவத்தை ஊற்றினார். அப்போதும் அதே மேடு! மிளகாயே இல்லை; மேடு எங்கிருந்து வந்தது?

"காளியம்மாக்கா, கையக் காட்டுங்க."

விரலெல்லாம் காலையில் அரைத்து முகத்தில் பூசிய தனகா மரப்பட்டை விழுது!

"ஈரக் குப்பிய அப்படியே படிச்ச சயாமா கையில குடுக்கலாமா? மரியாதையில்ல. விரலால துடைச்சுக் குடுத்தேன்" என்றாள் அம்மா.

"கண்ணாடிக்கும் பூசி அலங்காரம் பண்ணிட்டீங்களே!"

சிரியுங்கள் தாய்மார்களே, சிரியுங்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுத்தத் துணியால் துடைத்து, மீண்டும் தூளின் சாற்றை ஊற்றினார். மேடு மறைந்தது!

அந்த மூட்டையில் சாயமில்லை. அடுத்த மூட்டை? அறியேன்! அதனால்தான் அஞ்சுகிறேன், அதனால்தான் கெஞ்சுகிறேன். வதந்தி வேண்டாம், வாய்ச்சத்தியமும் வேண்டாம். ஒவ்வொரு கடைத் தூளும் அந்த ஒளியின் முன் நிற்கட்டும், எங்கள் கடையே முதலில் நிற்கட்டும்!

புஷ்பலதா அக்கா எழுகிறார். சொல்லுங்கள் அக்கா.

"அப்ப என் புள்ளைக்கு ஏன் வாந்தி வந்துச்சு?"

அதை அந்த ஒளி சொல்லவில்லை அக்கா. தெரியாததை நானும் சொல்லமாட்டேன்.

"...சரி. அந்தத் தூளையே போடுங்க. முதல் பந்தியில, முதல் இலையில நான் உக்காருறேன்."

அக்கா! தலைவர் அவர்களே, எழுதி வந்த முடிவுரை எனக்கு வேண்டியதில்லை. செவிகொடுத்த எல்லோருக்கும் நன்றி. நாளை பந்தியில் பரிமாற நான் வருவேன். வணக்கம்.