10,22,117 என்னும் எண்ணுக்கு ஒரு திருத்தம்

மேசைக்கு நடுவே மேலாளர். அவருக்கு வலப்புறம் தாங்கள். அருகே, மின்விசிறிக் காற்று படும் நாற்காலியில் தங்கள் துணைவியார். சுவரோரப் பெஞ்சில் வகுத்தல் பார்க்கும் நாங்கள் மூவர். கதவருகே தட்டச்சு அக்கா. இவ்வளவு பேர் சூழ வீற்றிருக்கும், இன்று ஓய்வுபெறும் எங்கள் பிரிவுத் தலைவரே, எண்களின் காவலரே, பிழை பொறுக்காத பெருந்தகையே, வணக்கம்!

எந்த எண் எதனால் வகுபடும், எந்த எண் எதனாலும் வகுபடாத பகா எண் என்று வரிசையிட்டுச் சொல்லும் நம் அட்டவணை நூலின் ஒவ்வொரு பக்கமும், முப்பத்தோராண்டுகள் தங்கள் சிவப்புப் பென்சிலைத் தாண்டித்தான் அச்சேறியது. அச்சான பின் பிழையை அறிவிக்கும் திருத்தச் சீட்டு ஒன்றுகூட வெளியே போனதில்லை என்பது தாங்கள் பேசாத பெருமை. நாங்கள் பேசி ஓயாத பெருமை! புதிய பதிப்பு முடிந்தபோது தங்கள் கண்ணும் களைத்திருந்தது, எங்கள் கையும் களைத்திருந்தது.

இம்மடலின் முதல் படியில், "எவராலும் வகுக்க இயலாத 10,22,117 போன்றவரே!" என்று தங்களை விளித்திருந்தோம். பகா எண் என்று நம் நூலே சொன்னது. நேற்று தட்டச்சு அக்கா அந்தப் படியைக் காட்டியதும் தாங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள்.

"ஏம்மா, ஆயிரத்துப் பதினொன்னோட வர்க்கம் 10,22,121. இது அதுல நாலு கம்மி. நாலுங்கிறது ரெண்டோட வர்க்கம். அப்போ ரெண்டைக் கூட்டியும் கழிச்சும் பெருக்கிப் பாரு."

1013, 1009. பெருக்கினோம். அதே எண் வந்து நின்றது.

பிழை எங்களுடையது ஐயா. பத்து இலட்சம் வரை, ஆயிரத்துக்குட்பட்ட 168 பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே போதும். அவற்றை எழுதிய அட்டைதான் சுவரில் தொங்குகிறது. புதிய பதிப்பு 10,25,000 வரை நீண்டது, அட்டை நீளவில்லை. அடுத்த பகா எண்ணான 1009-ஐ ஒருவரும் சேர்க்கவில்லை. அதன் வர்க்கம், நாங்கள் தனியே ஒப்பிடும் வர்க்கப் பட்டியலில் மாட்டிக்கொண்டது. இது ஒன்று மட்டும் பகா எண் வேடம் கட்டி நூலேறிவிட்டது.

"நாளைக்கு ஓய்வுல போறீங்க. சீட்டுல உங்க கையெழுத்து மட்டும்தானே போகும்? கடைசி நாள்ல எதுக்கு சார் இந்தக் கெட்ட பேரு? அடுத்த பதிப்புல மாத்திக்கலாம்" என்றார் மேலாளர். நாங்களும் தலையாட்டினோம், வெட்கத்தோடு எழுதுகிறோம்.

தங்களை அழைத்துப்போக வந்திருந்த துணைவியார்தான் குறுக்கிட்டார்: "இதை இங்கயே முடிச்சு அனுப்பிடுங்க. இல்லன்னா அந்த எண்ணும் எங்க வீட்டுக்கே குடிவந்துரும். இடமில்ல."

சிரித்தோம். தாங்கள் சிரிக்கவில்லை.

"எனக்கு அசதியா இருக்குப்பா. ஆனா பொய்யின்னு தெரிஞ்சும் விட்டுட்டுப் போற அளவுக்கு அசதி இல்ல. காகிதம் கொண்டாங்க."

அயராது உழைத்த அண்ணலே! இனி தங்கள் கண்கள் எண்ணற்ற காலைகளை எண்ணாமல் காணட்டும், தோள்வலி தொலையட்டும், இல்லம் இனிக்க, உடல் நலம் நிலைக்க, நெடுங்காலம் வாழ்க!

நூல் வாங்கிய நாற்பது நூலகங்களுக்கும் இன்று காலை சீட்டு தயாரானது. தங்கள் கையெழுத்துக்குக் கீழே, வழக்கத்தை மீறி, வகுத்த மூவரும் ஒப்பமிட்டோம், அக்காவும் இட்டார். மேலாளரும் தம் பேனாவைத் திறந்தார். நாற்பதாவது உறையையும் ஒட்டி, மதியத் தபாலில் சேர்த்துவிட்டே இதை வாசிக்க எழுந்தோம்.

இங்ஙனம்,
எண்பகுப்புப் பிரிவு ஊழியர்கள்