மரமில்லாத இடம்

லேக் மார்க்கெட்டில் காப்பிப்பொடி வாங்க வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் தன் அக்காவிடம் சொன்னாள்: "நான் போட்ட மேப்பை வெச்சுத்தான் ஃபாரஸ்ட்காரா அந்த ஊரையே காலி பண்ணிட்டா, அக்கா."

"நீ காடு குறையறதைத்தானே ஆராய்ச்சி பண்ணினே?"

"ஆமாம். சாட்டிலைட் படத்துல மரமில்லாத இடத்தையெல்லாம் புதுசா அழிச்ச காடுன்னு குறிச்சுட்டேன். நேர்ல போய்ப் பாக்கலை. அது அவா தலைமுறை தலைமுறையா உழுத வயல்."

"அப்புறமாவது போனியா?"

"போன மாசம் போனேன். ரோட்டோரமா தார்ப்பாய் கட்டிண்டு இருக்கா. ஒரு அம்மா, நீ யாருன்னு கேட்டா."

"என்ன சொன்னே?"

அவள் பொட்டலத்தை வாங்கிப் பையில் போட்டாள்.

"வழி தப்பி வந்துட்டேன்னு சொன்னேன். பாவம்னு பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே நடந்து வந்து ஏத்தி விட்டா."